எழுபத்திரண்டு

எங்கள் கல்லூரியில் அறுபது பெண்களின் செல்போன்களைப் பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்த நான்காம் நாள் காலையில், ஐம்பத்தொரு பேருடைய நாடி மணிக்கட்டை விட்டுப் போய்விட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். செவிலியர் படிப்பில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து நாடி எண்ணிப் பழகுவது வழக்கம். எனக்கு ஜோடி இசக்கியம்மாள், தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவரின் மகள், வருகைப் பதிவில் பதினேழாம் எண். அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன், அழுத்தினேன், தளர்த்தினேன், கழுத்தில் பார்த்தேன், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன், எங்கும் ஒன்றும் இல்லை. அவளோ கொட்டாவி விட்டுக்கொண்டு, "எண்ணி முடிச்சிட்டியாட்டி? பசிக்கி" என்றாள். "ஏட்டி, ஒனக்கு பல்ஸே இல்ல" என்றேன். அவள் தன் கையைத் தானே பிடித்துப் பார்த்து, "ஆமா" என்றாள். பிறகு பக்கத்து ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று வகுப்பு முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்து முடிக்கும்போது இட்லி ஆறிப்போயிருந்தது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை என்று எல்லோரும் திட்டினோமே தவிர, நாடி போனதற்காக ஒருத்தியும் அழவில்லை.

நாடிகள் எங்கே போயின என்பதை ஆபீஸ் உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சி சொன்னார். வைஸ் பிரின்சிபால் அறையில் இருக்கிற இரும்புப் பீரோ, காலை ஏழரைக்குப் போன்களை வாங்கி உள்ளே அடுக்கிப் பூட்டியதும், கல்யாண வீட்டு மேளக்காரர்கள் எல்லோரும் தனித்தனியாகத் தட்டிப் பார்ப்பது மாதிரி துடிக்கிறது என்றார். போன்களை வருகைப் பதிவு எண்படி வரிசையாக அடுக்கியிருந்ததால், எந்த எண் எங்கே இருக்கிறது என்று கதவின் வெளிப்புறம் சாக்பீஸால் அறுபது கட்டம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தால் அந்தப் பெண்ணின் நாடி. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனைத் திருப்பிக் கொடுத்ததும் நாடி கைக்கு வந்துவிடும், மறுநாள் ஏழரைக்கு மறுபடி பீரோவுக்குப் போய்விடும்.

எல்லோருக்கும் இது சீக்கிரமே பழகிவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சி பீரோவுக்குச் சாம்பிராணி காட்டினார், கூட்டுகிற அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கைப்பிடியில் கட்டினாள். அரசு மருத்துவமனை வார்டில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த நோயாளிகள், "என்ன தாயி, ஒன் கையில ஒண்ணுமே ஓடல?" என்று கேட்டார்கள், "பல்ஸ் காலேஜ்ல இருக்குத் தாத்தா" என்று நாங்கள் சொன்னதும், "சரி, சரி, பத்திரமா இருந்தாச் சரி" என்று திரும்பிப் படுத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பீரோவைச் சுற்றி நின்று அவரவர் பிள்ளையின் கட்டத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எங்க பிள்ளையுது நல்லா ஓடுது என்று திருப்தியோடு பஸ் ஏறினார்கள். ரத்ததான முகாமுக்கு மட்டும் எங்களை விடவில்லை. இன்ஸ்பெக்ஷன் வரப்போவதால் எல்லோரும் முழுக்கை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று தாளாளர் சுற்றறிக்கை விட்டார். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடப் பீரோவைத் திறந்து போன்களைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றவில்லை.

போன்களைப் பூட்டியதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். வார்டில் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டு நின்றதை யாரோ படம் பிடித்துவிட்டார்களாம். ஒருத்தி செய்ததற்கு அறுபது பேருக்கும் பூட்டு.

போன்களைப் பூட்டிய முதல் நாளே இசக்கி மனு எழுதிக்கொண்டு வைஸ் பிரின்சிபால் டாக்டர் மனோன்மணி மேடத்திடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அவள் தங்கை பேச்சிக்குப் பதினாலு வயது, வலிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை விழுந்ததும் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போனால் திரும்பி வர மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் பேச்சி வீட்டில் தனி. வலிப்பு வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவளுக்குக் கண்ணெல்லாம் நீலமாகத் தெரியும். உடனே இசக்கிக்குப் போன் போடுவாள். இசக்கி எந்த வார்டில் நின்றாலும் மூலைக்குப் போய், "பேச்சி, கீழ உக்காரு. அடுப்புகிட்ட நிக்காத, தண்ணிகிட்ட நிக்காத. ஒருக்களிச்சுப் படு. அக்கா லைன்லதான் இருக்கேன்" என்று நிதானமாகச் சொல்வாள், எல்லாம் அடங்கி அந்தப் பிள்ளை மறுபடி பேசுகிற வரைக்கும் காதிலிருந்து போனை எடுக்க மாட்டாள். நீலம் தெரிந்தால் பேச்சிக்குப் பயத்தில் கை கால் ஓடாது, அக்கா குரல் கேட்டால்தான் உட்காரவே தோன்றும். அந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் என்று இருந்தது மாத்திரை பாதி, அந்தப் போன் பாதி.

மேடம் மனுவைப் படித்துவிட்டு, "எல்லாருக்கும்தான் தங்கச்சி இருக்கு. ஆபீஸ் நம்பரைக் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்தாள். மூன்றாம் நாள் பேச்சி அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "அக்கா... நீலமா..." என்று அவள் திணறியதைக் கேட்ட ஆபீஸ் கிளார்க், "அவ வார்டுல இருக்கா, சாயங்காலம் பேசு" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு உதடு கிழிந்ததோடு போயிற்று.

நாடிகள் போனதைக் கேள்விப்பட்டதும் மேடம் பதறவில்லை, கேள்வித்தாள் தயாரித்தார். ஐம்பது கேள்விகள். புதியவர்களிடம் சீக்கிரம் பேசுவேனா, சொன்ன நேரத்துக்கு வேலையை முடிப்பேனா, சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேனா, பிறர் மனம் கோணாமல் நடப்பேனா, போன் கையில் இல்லாவிட்டால் படபடப்பாக இருக்குமா. எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். அந்த ஐம்பதில் ஒன்றுகூட, உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் படிக்க வந்த அக்கா ஒருத்தி எங்களோடு இருந்தாள், புருஷன் நடுக்கடலில் கப்பலில் இருக்கிற ஒருத்தி இருந்தாள், அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடக்கிற ஒருத்தி இருந்தாள். அவர்கள் எல்லோரும் "சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன்" என்பதற்கு நேராக ஐந்து போட்டார்கள். எது சின்ன விஷயம் என்று கேள்வித்தாளில் போட்டிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் முடிவைப் பலகையில் ஒட்டினார். குணம் ஐந்து வகை, வகைக்குப் பத்துக் கேள்வி, வகைக்கு ஒரு நிறக் காகிதம். நாடி போன பெண்கள் பெரும்பாலும் பதற்றக் குணம் உடையவர்கள், மஞ்சள். இசக்கிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம், ஐம்பதுக்கு நாற்பத்தாறு. நாடி போகாத ஒன்பது பேரில் ஒருத்தி நான். எனக்குப் பச்சை, ஒத்துப்போகும் குணம், அதில் வகுப்பிலேயே முதலிடம். "ஜெனிட்டா மாதிரி இருக்கணும்" என்று மேடம் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். என் போனில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை என்பதும், நான் பிறந்ததிலிருந்தே அனாதை விடுதியில் வளர்ந்தவள் என்பதும், பெரியவர்கள் சொன்னதற்கு மாறாகப் பேசினால் சோறு கிடைக்காத இடத்தில்தான் நான் ஒத்துப்போகக் கற்றுக்கொண்டேன் என்பதும் அந்தப் பச்சைக் காகிதத்தில் இல்லை. எனக்கும் கை தட்டல் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இங்கே எங்கள் தொழிலின் ஒரு அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது கட்டில், ஒரு மாணவி, டாக்டர் ரவுண்டுக்கு வருவதற்குள் நாற்பது சார்ட்டிலும் நாடி எழுதியிருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எண்ணினால் முடியாது. அதனால் நோயாளி மூச்சு விடுகிறாரா என்று தூர நின்று பார்த்துவிட்டு எழுபத்திரண்டு என்று எழுதிவிடுவோம். ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் எழுபத்து நாலு, எழுபத்தாறு. எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் எழுதினார்கள், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் எழுதினவர்கள்தான். அந்த அறுபது பேரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு முழு நிமிடம், வாட்ச்சின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணி எழுதியவள் இசக்கி மட்டும்தான். பாதி சார்ட் முடிவதற்குள் ரவுண்டு வந்துவிடும், திட்டு வாங்குவாள். "எண்ணாம எப்பிடி எழுத? அது அவுங்க உசுருல்லா" என்பாள். அந்தக் குணத்துக்கு மேடத்தின் கேள்வித்தாளில் கிடைத்த பெயர்தான் பதற்றம்.

பீரோவின் நாடிகளுக்கும் மேடம் ஒரு ரெஜிஸ்டர் போட்டார். நாடி போகாத ஒன்பது பேரும் முறைவைத்து, ஆளுக்கு ஒரு நாள், வார்டு வேலைக்குப் போகாமல் அந்த அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணி எழுத வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், புதன்கிழமை, என் முறை.

பத்து மணி இருக்கும். மேடம் மேசையில் உட்கார்ந்து, எங்கள் நாடிகளை வைத்து எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் பதினாறாவது கட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டத்துக்குள் ஒரு போன் உறுமியது. சைலண்டில் வைத்த போன் இரும்பில் பட்டு உறுமுகிற சத்தம். நின்றது. மறுபடி உறுமியது. பதினேழாவது கட்டத்தில் விரலை வைத்தேன். அதுவரை அமைதியாக ஓடிக்கொண்டிருந்த இசக்கியின் நாடி இரும்புக் கதவை முட்டியது. மூன்றாவது தடவை உறுமியபோது கதவில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆட ஆரம்பித்தது. நான் வாட்ச்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு.

"மேடம், பதினேழு ரொம்ப வேகமா ஓடுது. போன் வருது மேடம். அவ தங்கச்சியாத்தான் இருக்கும். திறந்து குடுத்துருவமா மேடம்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எந்தப் பதினேழு? நாற்பத்தாறு வாங்கின பொண்ணா? அவளுக்கு அப்படித்தான் ஓடும்."

நாலாவது தடவை.

"நூத்தி நாப்பத்தெட்டு இருக்கு மேடம்."

"ஜெனிட்டா, நடுவுல திறந்தா இத்தனை நாள் எடுத்த கணக்கெல்லாம் கெட்டுப்போகும். நாளைக்கு அவங்க வந்து பார்க்கிறப்ப ரெஜிஸ்டர் சீரா இருக்கணும். எழுபத்திரண்டு போடு."

"மேடம்..."

"நீ நல்ல பொண்ணாச்சே."

சாவி மேசைமேல், அவர் கைப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். நான் வாங்கியிருந்த பச்சைக் காகிதம், அந்தக் கை தட்டல், விடுதியில் நான் தின்ற சோறு எல்லாம் சேர்ந்து என்னை அந்த ஸ்டூலிலேயே உட்கார வைத்தன. ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை, ஏழாவது தடவை உறுமுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஏழுக்குப் பிறகு போன் வரவில்லை. நான் பேனாவை எடுத்து, பதினேழுக்கு நேராக, அழகான கையெழுத்தில், எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

ஐந்து மணிக்குப் போன்களைக் கொடுத்தார்கள். இசக்கி தவறிய அழைப்புகளைப் பார்த்தாள், திருப்பிக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. பேச்சி சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது கண் நீலமாகியிருக்கிறது. அக்கா எடுப்பாள், உட்காரச் சொல்வாள் என்று தொட்டி ஓரத்தில் நின்றபடியே ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மத்தியானம் அம்மா வந்து பார்க்கும்போது தொட்டிக்குள் முகம் குப்புறக் கிடந்திருக்கிறாள். முழங்காலளவு தண்ணீர்.

இசக்கி அழவில்லை. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடி திரும்பி வந்திருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இன்னிக்கு ரெஜிஸ்டர் யாரு?"

"நாந்தாம்ட்டி."

"பதினேழுல எவ்வளவு எழுதிருக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன். அவளிடம் முடியவில்லை. "எழுபத்திரண்டு" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள். பெட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் கூடவே போகலாம் என்று எட்டு வைத்தேன், தலை சுற்றியது, தூணைப் பிடித்துக்கொண்டு என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் போனைக் கையில் வைத்திருக்கும்போதே போயிருந்தது. என்னைக் கூப்பிட ஆளில்லாத போனுக்கு அது போகவில்லை. எங்கே போயிருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது.

மறுநாள் பிரார்த்தனையில் இரண்டு நிமிடம் மௌனம். "சகோதரி நோயாளி. இறைவன் சித்தம்" என்றார் மேடம். இறைவனிடம் பீரோ சாவி இல்லை, அவரிடம்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டிடம் பார்த்தார், இளநீர் குடித்தார், முழுக்கைச் சட்டை போட்டு நின்ற பெண்களைப் பார்த்துத் தலையாட்டினார். பீரோ ரெஜிஸ்டரை மேடம் பெருமையாக விரித்து வைத்தார். புதன்கிழமைப் பக்கத்தில் கை பட்டதும் இன்ஸ்பெக்டர் சட்டென்று எடுத்துக்கொண்டார். மறுபடி விரலை வைத்தார். நான் எழுதிய எழுபத்திரண்டு அந்தக் காகிதத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அவரும் எங்கள் படிப்பைப் படித்தவர்தான், பழக்கத்தில் வாட்ச்சைத் திருப்பி எண்ணினார். உதடு அசைந்ததைப் பார்த்தேன், நூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

"இதை எழுதினது யாரும்மா?"

"ரொம்ப நல்ல பொண்ணு சார். ஒத்துப்போகிற குணத்தில் முதலிடம்" என்று மேடம் என்னைக் காட்டினார்.

"சார், நான் எண்ணினது நூத்தி நாப்பத்தெட்டு" என்றேன். "போன் ஏழு தடவ வந்துச்சு. சாவி மேசையில இருந்துச்சு. இவங்க எழுபத்திரண்டு போடச் சொன்னாங்க, நான் போட்டேன். ஒரு பிள்ள செத்துப்போச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார். பிறகு தன்னுடைய படிவத்தை எடுத்து, மாணவிகளின் உடல்நலம் என்ற இடத்தில், சராசரி நாடி எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். "என்ன பண்ற நீ?" என்று மேடம் கையைப் பிடித்தார், பிடித்த இடத்தில் நாடி இல்லாததைப் பார்த்து விட்டுவிட்டார். என்னை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். மறுநாள் ஏழரைக்குப் போனை வாங்க அண்ணாச்சி கூடையோடு வந்து நின்றபோது ஒருத்திகூட நீட்டவில்லை. கப்பல்காரன் பெண்டாட்டி மட்டும், "எடுத்துப் பாருங்க அண்ணாச்சி" என்றாளாம். அவர் காலிக் கூடையைப் பீரோ மேல் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இப்போது அந்தப் பீரோவில் போர்வைகள் இருக்கின்றன. மேடத்தின் கட்டுரை வெளிவந்தது, பதவி உயர்வும் வந்தது. ஒத்துப்போகும் குணம் உடைய மாணவிகளுக்குப் போன் பிரிவால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு இசக்கி வீட்டுக்குப் போனேன். அம்மா உப்பளத்துக்குப் போயிருந்தார், துக்கத்துக்கு அதற்குமேல் லீவு கிடையாது. வாசலில் இருந்த சிமெண்ட் தொட்டியை இசக்கி சம்மட்டியால் உடைத்துப் போட்டிருந்தாள், துண்டுகள் இன்னும் அள்ளாமல் கிடந்தன. அவள் என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அதை முழங்காலில் வைத்து விரித்தாள். பதினேழுக்கு நேராக மூன்று விரலை வைத்தாள். வாட்ச்சைத் திருப்பி நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, எந்த அவசரமும் இல்லாமல், வார்டில் எண்ணுகிற மாதிரியே, ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.

"நூத்தி நாப்பத்தெட்டு" என்றாள்.

பிறகு காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இது ஒன்னுது ஜெனிட்டா. நீயே வச்சிக்க."